கோல்ஃப் மைதானங்களில் உடைக் கட்டுப்பாடு இன்னும் தேவையா?

காலணிக்குத் தேவை; காலருக்குத் தேவையில்லை. என் பதில் இதுதான்.

கோல்ஃபின் ஆட்ட விதிகள் சட்டைக்குக் காலர் வேண்டும் என்று எங்கும் சொல்லவில்லை. அந்தக் கட்டுப்பாடுகளை விதிப்பவை கிளப்புகளும் போட்டி அமைப்பாளர்களும்தான். புகழ்பெற்ற ஆட்டக்காரர் டைகர் உட்ஸ் 2005இல் கோல்ஃபின் பெரிய போட்டிகளில் ஒன்றான மாஸ்டர்ஸ் பட்டத்தை வென்றபோது வழக்கமான மடிப்புக் காலர் இல்லாத சட்டையைத்தான் அணிந்திருந்தார். ஆட்டத்தின் மதிப்பு எள்ளளவும் குறையவில்லை. அரைக்கால் சட்டையும் அப்படித்தான். 2019இல் அமெரிக்காவின் தொழில்முறை கோல்ஃப் தொடரான பிஜிஏ டூர் பயிற்சிச் சுற்றுகளில் அதை அனுமதித்தது, 2022இல் அதற்குப் போட்டியாக வந்த லிவ் தொடர் போட்டியிலேயே அனுமதித்தது.

காலணி வேறு விஷயம். குழியைச் சுற்றியுள்ள புல்தரை மிக மென்மையானது. கூரான குதிகாலோ காலணியின் அடியில் உள்ள உலோக ஆணியோ பட்டால் தரை குழியும், பின்னால் வருபவரின் பந்து திசை மாறும். பல மைதானங்கள் உலோக ஆணிகளைத் தடை செய்து பிளாஸ்டிக் போன்ற மென்மையான முனைகள் கொண்ட காலணிகளைக் கேட்பது அதனால்தான். இந்த விதிக்கு உருப்படியான காரணம் இருக்கிறது.

மற்றவை பெரும்பாலும் யார் உள்ளே வரலாம் என்று வடிகட்டும் வேலையையே செய்கின்றன. 2014இல் சென்னையில் வேட்டி கட்டி வந்த உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவரையே ஒரு கிரிக்கெட் கிளப் வாசலில் தடுத்தார்கள். வேட்டிக்குத் தடை கூடாது என்று அதே ஆண்டில் தமிழக அரசு சட்டம் இயற்ற வேண்டியிருந்தது. புதிதாக ஆட வரும் பிள்ளையை டி-ஷர்ட்டுக்காகத் திருப்பி அனுப்புவதை என்னால் எந்த வகையிலும் ஏற்க முடியாது.