எருக்கஞ்செடியில் தொடங்குங்கள்: பிள்ளைகளுக்கான இயற்கைச் செயல்பாடுகள் பற்றிய கேள்வி பதில்

சுற்றுப்புற உயிரினங்களோடு பிள்ளைகளைப் பழக்குவது குறித்து உறுப்பினர்கள் அனுப்பிய கேள்விகளுக்கு, பள்ளியில் விலங்கியல் கற்பித்து ஓய்வுபெற்ற நம் மூத்த உறுப்பினர் ஒருவர் விடையளிக்கிறார்.

ஆசிரியை, விழுப்புரம்: வணக்கம் அம்மா. எங்கள் தொடக்கப்பள்ளியின் அருகில் ஏரியும் இல்லை, பூங்காவும் இல்லை. ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் தாமே செய்துபார்க்கத் தக்க ஒன்றைச் சொல்லுங்கள்.

பள்ளிக்குப் போகும் வழியில் எருக்கஞ்செடி இருந்தால் வேறெதுவும் வேண்டாம். வெந்தய வரியன் என்னும் ஆரஞ்சு நிற வண்ணத்துப்பூச்சி எருக்கிலையின்மீது ஒவ்வொன்றாக முட்டையிடும்; பெரும்பாலும் இலையைத் திருப்பிப் பார்த்தால் கிடைக்கும். சில நாள்களில் வெளிவரும் புழு, முதல் உணவாகத் தன் முட்டையோட்டையே தின்னும். வளர்ந்த புழுவுக்குக் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டைகளும், உடலின்மேல் மூன்று இணைக் கறுப்பு நீட்சிகளும் இருக்கும். அது தின்னும் முறையைப் பிள்ளைகள் பொறுமையாகப் பார்க்கட்டும்: இலையின் நரம்பை முதலில் கடித்து, பால் வடிந்து ஓய்ந்த பிறகே மேற்கொண்டு தின்னத் தொடங்கும். எருக்கின் நஞ்சைத் தன் உடலில் சேர்த்துவைத்துக்கொள்ளும் பூச்சிக்கே அந்தப் பாலின் பிசுபிசுப்பு இடைஞ்சல்தான் என்பதை எந்தப் பாடப்புத்தகத்தையும்விட இந்தக் காட்சி நன்றாக விளக்கும்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கிளையை ஒதுக்கி, வண்ண நூல் கட்டி அடையாளமிடுங்கள். நாள்தோறும் அதே நேரத்தில் புழுவின் அருகே அளவுகோலைப் பிடித்து நீளத்தைக் குறித்து, படமும் வரையச் சொல்லுங்கள். இரண்டு மூன்று வாரங்களில் பொற்புள்ளிகள் பதித்த கூட்டுப்புழுவைக் காணலாம். எருக்கம்பால் கண்ணில் பட்டால் கருவிழி பாதிக்கப்படும். ஆகவே இலையைக் கிள்ளக் கூடாது, பார்த்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கைகழுவ வேண்டும். புழுவை வீட்டுக்கு எடுத்துச்செல்லவும் கூடாது.

பத்தாம் வகுப்பு மாணவன், மதுரை: இருகண்ணோக்கி (பைனாகுலர்) இல்லாமல் பறவை பார்க்க முடியுமா?

தாராளமாக முடியும். மைனா, தவிட்டுக்குருவி, கரிச்சான், செம்போத்து ஆகியவற்றை வெறுங்கண்ணாலேயே இனங்காணலாம். ஓரிடத்தில் கால்மணி நேரம் நின்று, கண்ட பறவைகளையெல்லாம் எண்ணி, பறவைப் பதிவுகளுக்கான ஈபேர்ட் (eBird) செயலியில் பட்டியலிடு. ஜனவரியில் பொங்கல் நாள்களில் தமிழகம் முழுவதும் நடக்கும் பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் உன் பட்டியலும் சேரும். காக்கையை எண்ணாமல் விட்டுவிடாதே. எல்லாரும் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். குயில் பெரும்பாலும் காக்கைக் கூட்டில் முட்டையிடுகிறது என்பதால், கோடையில் காக்கைக் கூட்டைத் தொலைவிலிருந்து கவனித்து வந்தால் இரண்டு பறவைகளைப் பற்றியும் தெரிந்துகொள்ளலாம்.

ஒரு தாய், திருச்சி: மரத்தடியில் விழுந்து கிடந்த பறவைக்குஞ்சை என் மகள் எடுத்து வந்திருக்கிறாள். வளர்க்கலாமா?

வளர்க்க வேண்டாம். சிறகு முளைத்துத் தத்தித்தத்தி நடக்கும் குஞ்சு பறக்கப் பழகும் குஞ்சு. அதன் பெற்றோர் அருகிலேயே இருந்து தரையில் வைத்தே ஊட்டும். எடுத்த இடத்திலேயே, பூனைக்கு எட்டாத புதர்க்கிளையொன்றில் விட்டுவிட்டு விலகி நில்லுங்கள். சிறகே இல்லாத குஞ்சென்றால் கூட்டைத் தேடி அதில் வைத்துவிடுங்கள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது உண்மையன்று. வாயில் தண்ணீர் மட்டும் ஊற்றாதீர்கள். அது மூச்சுக்குழலுக்குள் இறங்கிக் குஞ்சு இறந்துவிடும்.

ஒரு தந்தை, தஞ்சாவூர்: எட்டு வயது மகனுடன் குளத்துப் பூச்சிகளைப் பிடித்துப் பார்க்க ஆசை. என்னென்ன வேண்டும்?

மாவு சலிக்கும் பழைய சல்லடையும் அடி வெளுத்த ஒரு தட்டும் போதும். கரையோரச் செடிகளுக்கிடையே சல்லடையை மெல்ல இழுத்து, அகப்பட்டதைத் தட்டில் சிறிது நீரோடு கொட்டினால் முதலில் சேறுதான் தெரியும். கொஞ்சம் பொறுத்தால் சேறு நடமாடத் தொடங்கும். தட்டானின் இளம்பருவம் கிடைத்தால் அதன் கீழுதட்டைக் கவனியுங்கள். முகத்தின் அடியில் மடிந்திருக்கும் அந்த உதடு, இரை நெருங்கியதும் கண்ணிமைக்கும் நேரத்தில் முன்னே பாய்ந்து கவ்வும். அவசரமென்றால் அந்தப் பூச்சி பின்புறத்திலிருந்து நீரைப் பீய்ச்சியடித்து முன்னேறுவதையும் காணலாம்.

கரையில் மண்டியிட்டுச் செய்யும் வேலை இது. நீரில் இறங்கிச் செய்வதன்று. கிணறு, கல்குவாரிக் குட்டை, வாய்க்கால் மதகு ஆகியவற்றின் பக்கம் பிள்ளைகளை விடவே கூடாது. பிடித்தவற்றை அதே குளத்தில் விடுங்கள். வீட்டுக்கு எடுத்துச்செல்லக் கூடாது.

கல்லூரி மாணவி, சென்னை: கடலாமைக் குஞ்சுகளைப் பிள்ளைகள் கையில் எடுத்துக் கடலில் விடலாமா?

கூடாது. பங்குனி ஆமை சட்டப் பாதுகாப்புப் பெற்ற உயிரினம். சென்னையில் 1988 முதல் மாணவர்கள் நடத்திவரும் அமைப்பின் இரவு நடையில் சேருங்கள். முட்டையிடும் பருவம் ஏறத்தாழ ஜனவரி முதல் மார்ச் வரை. குஞ்சுகள் மணலில் தாமாக நடந்து கடலை அடைய வேண்டும். அவை வெளிச்சத்தை நோக்கிச் செல்பவை என்பதால் கைவிளக்கும் கைபேசி வெளிச்சமும் அணைந்திருக்கட்டும்.

பள்ளித் தாளாளர், சேலம்: விழிப்புணர்வுக்காக உயிருள்ள பாம்பை வரவழைத்துப் பிள்ளைகளைத் தொடச்செய்யலாமா?

வேண்டாம். கிண்டி பாம்புப் பூங்காவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.

இயற்கை ஆர்வலர், கோவை: எருக்கஞ்செடிப் பதிலில் எனக்கு உடன்பாடில்லை அம்மா. வெளியே விட்டால் பெரும்பாலான புழுக்களைக் குளவியும் ஈயும் கொன்றுவிடுகின்றன. புட்டியில் வளர்த்துப் பறக்கவிட்டால் இனமும் பெருகும், பிள்ளைகளும் முழு வளர்ச்சியைக் காண்பார்கள்.

வெந்தய வரியன் அருகிவரும் பூச்சியன்று. எருக்கு முளைக்கும் தரிசெல்லாம் அது பறக்கிறது. அதற்கு நாம் செய்யக்கூடிய உதவி, சாலையோர எருக்கை வெட்டாமல் விடுவதுதான். புட்டியில் என்ன நடக்கும் என்பதை நான் பல வகுப்பறைகளில் பார்த்திருக்கிறேன். வெள்ளிக்கிழமை போட்ட இலை திங்கட்கிழமை வாடிக் கிடக்கும், எச்சத்தில் பூஞ்சணம் படரும், எறும்பு ஏறும். எல்லாவற்றையும் தாண்டிப் பூச்சி வெளிவந்தாலும், தொங்கிச் சிறகை விரிக்க இடமில்லாத புட்டியில் சிறகு சுருங்கியபடியே காய்ந்துவிடும்.

குளவியைப் பகைவனாகக் காட்டுவதும் எனக்கு ஏற்புடையதன்று. சில சிறு குளவிகள் புழுவின் உடலுக்குள் முட்டையிடும். அவற்றின் குஞ்சுகள் உள்ளிருந்து தின்று வளர்ந்து, தோலைத் துளைத்து வெளிவந்து கூடுகட்டும். அந்தக் குளவியும் நம்மூர் உயிரினந்தான். புழு செத்ததேன் என்று பிள்ளை கேட்கும்போது மறைக்காமல் சொல்ல முடியாத ஆசிரியர், இந்தச் செயல்பாட்டைத் தொடங்காமலிருப்பதே நல்லது.

அதே ஆர்வலர்: ஏழு வயதுப் பிள்ளை அழுதுவிட்டால் மறுபடி தோட்டத்துப் பக்கமே வராதே அம்மா. தொடவும் கூடாது, எடுக்கவும் கூடாது என்றால் கைபேசிதான் மிஞ்சும்.

தொடக் கூடாதென்று நான் சொல்லவில்லை. வெந்தய வரியன் புழு தானாக விரலில் ஏறினால் ஏறட்டும். பிறகு அதே கிளையில் இறக்கிவிடலாம். முருங்கைமரத்துக் கம்பளிப்பூச்சியை மட்டும் தொடக் கூடாது, தோல் தடித்துவிடும். கறிவேப்பிலைச் செடியில் பறவை எச்சம் போலிருக்கும் எலுமிச்சை அழகி என்னும் வண்ணத்துப்பூச்சியின் புழுவைப் புல்லால் மெல்லத் தீண்டினால், தலைக்குப் பின்னாலிருந்து கவட்டை வடிவ உறுப்பை நீட்டி நாற்றம் விடும். அழுத பிள்ளையும் அதைக் கண்டு சிரிக்கும். ஆனால் ஒரு புழுவுக்கு ஒரு முறைக்குமேல் வேண்டாம்.

வளர்த்தே தீர வேண்டுமென்றால் ஒரே ஒரு புழு, தொட்டியில் நட்ட உயிருள்ள செடி, அதைச் சுற்றி வலைத்துணி, விடுமுறையிலும் வந்து பார்க்கும் பொறுப்பான ஆள் ஆகிய நான்கும் இருக்கட்டும். இவற்றில் ஒன்று குறைந்தாலும் என் ஒப்புதல் கிடையாது.

ஒரு பாட்டி, நாகர்கோவில்: கூட்டிலிருந்து விழுந்த குருவிக்குஞ்சுக்கு என்ன கொடுக்கலாம்?

மேலே திருச்சித் தாய்க்குச் சொன்னதே உங்களுக்கும், அம்மா.

மாணவர், ஈரோடு: காயமில்லாத மைனாக்குஞ்சு ஒன்று கிடைத்தது. கூண்டு எங்கே வாங்கலாம்?

மூன்றாவது பதிலைப் படித்துவிட்டு, குஞ்சை எடுத்த இடத்திலேயே விடு. மைனாவையும் பச்சைக்கிளியையும் கூண்டில் வளர்ப்பது 1972 ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். அடுத்து யாரும் கூண்டைப் பற்றிக் கேட்க வேண்டாம்.

இளைஞர் மன்றச் செயலாளர், தென்காசி: இரவில் செய்யத்தக்க எளிய செயல்பாடு உண்டா?

உண்டு. மாடியில் வெள்ளை வேட்டியைக் கொடியில் கட்டி, அதன்முன் ஒரு விளக்கை எரியவிட்டால் விட்டில்கள் வந்து அமரும். நிலவில்லாத, மழை பெய்து ஓய்ந்த இரவு மிகவும் ஏற்றது. பிள்ளைகள் படமெடுத்து, வரைந்து, எண்ணிக் குறிக்கட்டும். இரண்டு மணி நேரத்தில் விளக்கை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் வந்தவை போகாமல் தங்கிப் பல்லிக்கும் காலையில் கரிச்சானுக்கும் இரையாகும். வேட்டியை மடிக்குமுன் உதறாமல், ஒட்டியிருப்பவற்றை விரலால் மெல்லத் தள்ளிச் செடிமேல் விடுங்கள்.