உளப்பகுப்பாய்வு: முதுகலைப் படிப்பும் சிகிச்சைப் பயிற்சியும்

கேள்வி: இலக்கியத்தில் இளங்கலை முடித்திருக்கிறேன். நனவிலி மனத்தைப் பேச்சின் வழியே ஆராயும் உளப்பகுப்பாய்வைப் பண்பாட்டோடும் சமூகத்தோடும் இணைத்துக் கற்பிக்கும் முதுகலைப் படிப்பில் சேர விரும்புகிறேன். உளவியல் படிக்காதவர் சேரலாமா? முடித்தபின் சிகிச்சை அளிக்க முடியுமா?

பதில்: சேரலாம். இலக்கியம், வரலாறு, மெய்யியல் படித்தவர்களையும் இத்தகைய படிப்புகள் பெரும்பாலும் ஏற்கின்றன. ஆனால் இந்தப் பட்டம் மட்டும் உங்களைச் சிகிச்சையாளர் ஆக்காது; அதற்குத் தனிப் பயிற்சி நிறுவனத்தில் சேர்ந்து, நீங்களே பகுப்பாய்வுக்கு உட்பட்டு, மூத்தவரின் மேற்பார்வையில் பல ஆண்டுகள் பயில வேண்டும்.

இப்படிப்பின் உயிர் வாசிப்பில்தான் இருக்கிறது. ‘டோரா’ என்ற மாற்றுப்பெயரில், உளப்பகுப்பாய்வை உருவாக்கிய மருத்துவர் ஃப்ராய்ட் 1905இல் வெளியிட்ட நோயாளி வரலாற்றை எடுத்துக்கொள்ளுங்கள். பதினெட்டு வயதுப் பெண், ஏறத்தாழ 11 வாரங்களில் சிகிச்சையை முறித்துக்கொண்டு வெளியேறுகிறாள். அவள் தம்மீது ஏற்றிய உணர்வுகளை உரிய நேரத்தில் கவனிக்கத் தவறியதைப் பின்னுரையில் ஃப்ராய்டே ஒப்புக்கொள்கிறார். மருத்துவர் எதைக் கேட்டார், எதைக் காதில் வாங்காமல் விட்டார் என்று வரிவரியாகத் தேடும்போது, ஒரு குடும்பமும் ஒரு காலமும் அவள் பேச்சை எப்படி அடக்கின என்பதும் துலங்கும். இலக்கிய வாசிப்பில் பழகிய உங்களுக்கு இது பெரும் பலம்.

1952இல் மனநல மருத்துவரும் காலனிய எதிர்ப்புச் சிந்தனையாளருமான ஃபிரான்ட்ஸ் ஃபனோன், காலனிய ஆட்சி ஆளப்படுவோரின் தன்னுணர்வைச் சிதைக்கும் விதத்தை ஆராய உளப்பகுப்பாய்வைக் கையாண்டதோடு, ஐரோப்பியக் குடும்பத்தை முன்மாதிரியாகக் கொண்ட அதன் கருத்துகளைக் கேள்விக்கும் உட்படுத்தினார். இத்தகைய விவாதத்துக்கு இடம் தராத பாடத்திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். சேருமுன் பாடப்பட்டியலைக் கேட்டு வாங்கி, மூலநூல்களே வாசிக்கப்படுகின்றனவா என்று பாருங்கள்.