ஃபேன் எந்தக் காற்றைக் குடிக்கிறது?

அன்புள்ள ஐயா,

திருச்சியில் கணினியில் வீடியோ எடிட்டிங், பிளெண்டர் (முப்பரிமாணப் படங்களுக்கான மென்பொருள்) வேலைகள் செய்கிறேன். பிராசஸர் இன்டெல் ஐ5-12600கே. பெரிய கோர்கள் ஆறையும் 4.5 கிகாஹெர்ட்ஸிலிருந்து 5.1-க்கு ஏற்றியிருக்கிறேன். அதற்காக வோல்டேஜை 1.20-லிருந்து 1.33 ஆக்கினேன். முழுச் சுமையில் 125 வாட் காட்டியது இப்போது 175 காட்டுகிறது. பிராசஸரின் சூட்டை வாங்க, நான்கு ஹீட்பைப்பும் (சூட்டைக் கடத்தும் குழாய்கள்) ஒரு 120 மி.மீ. ஃபேனும் உள்ள ஹீட்சிங்க். ரெண்டர் (காட்சிகளைக் கணக்கிட்டுப் படமாக்கும் வேலை) போட்ட ஆறாவது நிமிடம் 100 டிகிரியைத் தொட்டு வேகம் இறங்கிவிடுகிறது. கிராபிக்ஸ் கார்டு 3060 டிஐ. அறை வெப்பம் 35. கேபினட்டில் முன்னால் மூன்று, மேலே இரண்டு, பின்னால் ஒன்று என ஆறு ஃபேன்கள் இருப்பதால் காற்றோட்டத்துக்குக் குறைவில்லை. நாக்டுவா என்ஹெச்-டி15 வாங்கலாமா, தெர்மல்ரைட் பியர்லெஸ் அசாசின் 120 எஸ்இ போதுமா, இல்லை 240 மி.மீ. லிக்விட் கூலருக்கே போய்விடலாமா? பிராசஸருக்கும் ஹீட்சிங்க்குக்கும் நடுவே பேஸ்ட் எப்படித் தடவுவது, பிராசஸரின் மேல்தகட்டை உப்புத்தாளால் தேய்க்கலாமா என்பதையும் சொல்லுங்கள். படம் இணைத்திருக்கிறேன். கேபினட்டில் 160 மி.மீ. உயரம் வரை ஹீட்சிங்க் வைக்கலாம்.

எஸ்.

அன்புள்ள எஸ்,

எண்களோடு கடிதம் எழுதியதற்கு முதலில் ஒரு நன்றி. “ரொம்பச் சூடாகுது சார்” என்ற ஒற்றை வரிக் கடிதங்களுக்கு நடுவே வோல்டேஜையும் வாட்டையும் குறித்து அனுப்பும் ஆளைப் பார்த்தால் சந்தோஷமாக இருக்கிறது. உங்கள் 175 வாட் கணக்கும் சரிதான். மின்செலவு வோல்டேஜின் இருமடிப் பெருக்கத்தோடும் வேகத்தோடும் சேர்ந்து ஏறும். 1.33-ஐ 1.20-ஆல் வகுத்து, வந்ததை அதாலேயே பெருக்கினால் 1.23. வேகத்தின் பங்கு 1.13. இரண்டும் சேர்ந்து 1.39 மடங்கு. 125-ஐ அதால் பெருக்குங்கள், 174 வரும்.

இவ்வளவு கணக்குப் பார்த்த பிள்ளை, “காற்றோட்டத்துக்குக் குறைவில்லை” என்று எப்படி எழுதினீர்கள்? படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி. அதன் பின்னால் மூன்று வண்ண ஃபேன்கள். காற்று நுழைய இருப்பது இரு ஓரங்களிலும் விரல் நுழையாத இடுக்கு மட்டும். குதிரை கீழே தள்ளியதோடு குழியும் பறித்த கதையாக, அந்தப் பெட்டியைக் கொண்டுபோய் மேசையின் கீழறைக்குள் செருகியிருக்கிறீர்கள். அந்தக் கீழறையின் பின்பக்கம் பலகை அடித்து மூடியிருக்கிறது. பின் ஃபேன் தள்ளும் சூடு பலகையில் முட்டி, பக்கவாட்டில் சுற்றி, முன் இடுக்கு வழியாகத் திரும்ப உள்ளே வருகிறது. ஆறு ஃபேனும் ஒரே காற்றைக் கடைந்துகொண்டிருக்கின்றன.

ஹீட்சிங்க் எதையும் குளிர்விப்பதில்லை, தம்பி. பிராசஸரிடம் வாங்கிய சூட்டைக் காற்றிடம் கைமாற்றுகிறது, அவ்வளவுதான் அதன் வேலை. அந்தக் காற்று ஏற்கெனவே 44 டிகிரியில் இருந்தால், மற்ற எல்லாச் சூடும் அந்த 44-க்கு மேல்தான் ஏறி உட்காரும். ஃபேன் வாயில் காற்று ஒரு டிகிரி குறைந்தால் பிராசஸரும் அதே ஒரு டிகிரி குறையும். எந்த நிறுவனத்தின் எந்தக் கூலராக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. 22 டிகிரி அறையில், திறந்த மேடையில் வைத்துச் சோதித்த விமர்சனத்தில் 78 என்று போட்டிருந்தால், உங்கள் அறையில் அது 91. அதுவும் கேபினட் இல்லாமல். சித்திரை வெயிலையும் மூடிய பெட்டியையும் கூட்டாமல் அந்த அட்டவணைகளைப் படித்துத்தான் பாதிப் பேர் ஏமாறுகிறார்கள்.

எவ்வளவு காற்று வேண்டும் என்பதையும் போட்டுப் பார்த்துவிடலாம். ஒரு கன மீட்டர் காற்றை ஒரு டிகிரி சூடாக்க ஏறத்தாழ 1,200 ஜூல் பிடிக்கும். உங்கள் பிராசஸர் 175 வாட், கிராபிக்ஸ் கார்டு 200 வாட், ஆக 375. உள்ளே போகும் காற்று வெளியே வரும்போது 10 டிகிரிக்கு மேல் ஏறக் கூடாது என்றால் நிமிடத்துக்கு 66 கன அடி காற்று ஓட வேண்டும். 5 டிகிரிதான் அனுமதிப்பேன் என்றால் 132 கன அடி. ஃபேன் உறையில் அச்சிட்டிருக்கும் கன அடி, எதிரே எந்தத் தடையும் இல்லாதபோது அளந்தது. கண்ணாடிக்குப் பின்னால் அடைபட்ட ஃபேன் அதில் பாதியைத் தந்தாலே பெரிது. சத்தம் மட்டும் குறைவில்லாமல் வரும்.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், சோதித்துப் பாருங்கள். கேபினட்டை மேசை அறையிலிருந்து வெளியே இழுங்கள். வழக்கமான ரெண்டரை 20 நிமிடம் ஓட்டி, ஃபேன் வேகத்தையும் வாட்டையும் வெப்பத்தையும் குறியுங்கள். 100-இல் முட்டி நின்றால் வித்தியாசம் தெரியாது என்பதால், சோதனைக்காக மட்டும் பயாஸில் (கணினி தொடங்கும்போது திறக்கும் அமைப்புத் திரை) மின்வரம்பை 140 வாட்டில் நிறுத்திக்கொள்ளுங்கள். பிறகு பக்கக் கதவைக் கழற்றிவிட்டு அதே வேலையை அதே ஃபேன் வேகத்தில் இன்னொரு 20 நிமிடம் ஓட்டுங்கள். 2 டிகிரி குறைந்தால் கேபினட் மேல் குற்றமில்லை. 5 டிகிரியோ அதற்கு மேலோ குறைந்தால் ஹீட்சிங்க் கடைக்குப் போகும் முன் கேபினட்டைக் கவனிக்க வேண்டும். அடுத்து, கதவை மாட்டிவிட்டு முன் கண்ணாடியை மட்டும் கழற்றி மூன்றாம் முறை. கம்பி முனையுள்ள சின்ன வெப்பமானி கிடைத்தால் முனையை ஹீட்சிங்க் ஃபேனுக்கு 2 செ.மீ. முன்னால் தொங்கவிடுங்கள். உலோகத்தில் பட்டுவிடக் கூடாது.

மேலே இருக்கும் இரண்டு ஃபேன்களில் முன்பக்கமாக இருப்பதை நிறுத்திவிடுங்கள். கஷ்டப்பட்டு உள்ளே வந்த குளிர்ந்த காற்றை, அது ஹீட்சிங்க்கை எட்டும் முன்பே மேலே உறிஞ்சி வெளியே துப்புகிற வேலையைத்தான் அது செய்கிறது. பின்பக்கச் சுவருக்கும் கேபினட்டுக்கும் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். கதவைத் திறந்துபோட்டு டேபிள் ஃபேன் வைக்கலாமே என்று கேட்பீர்கள். ஒரு வாரத்துக்கு நன்றாக இருக்கும், பிறகு தகடுகளுக்கு நடுவே தூசி கம்பளமாக விரிந்துவிடும்.

காசு செலவில்லாத இன்னொரு வழி வோல்டேஜ். 5.1-ஐ 5.0 ஆக்கி 1.25 வோல்ட்டில் நிலையாக ஓடுகிறதா பாருங்கள். பல சில்லுகள் ஓடும், உங்களுடையது ஓடுமா என்பதை நீண்ட ரெண்டர்தான் சொல்லும். ஓடினால் 175 வாட் 152 ஆகும். ஃபேன் வாயில் 44 என்று வைத்துக்கொண்டால், இப்போது உங்களிடம் வாட்டுக்கு 0.32 டிகிரி ஏறுகிறது. 23 வாட் குறைந்தால் 7 டிகிரி லாபம். வேகத்தில் போவது 2 சதவீதம். அந்த 2 சதவீதத்தை ரெண்டர் நேரத்தில் கண்டுபிடிக்கக் கைக்கடிகாரம் வேண்டும்.

இனி நீங்கள் கேட்டது. என்ஹெச்-டி15 அருமையான பொருள்தான். ஆனால் உயரம் 165 மி.மீ., உங்கள் எல்லை 160. கதவு மூடாது. எல்லையை எழுதிவிட்டு அதைத் தாண்டும் பொருளையும் கேட்டால் என்ன சொல்ல? பியர்லெஸ் அசாசின் 155 மி.மீ., ஆறு ஹீட்பைப், இரட்டைக் கோபுரம், இரண்டு 120 மி.மீ. ஃபேன். அதை வாங்குங்கள். இதே வாட்டில் இப்போதிருப்பதைவிட 6 முதல் 8 டிகிரி குறைவாக வரும். ரேம் உயரமாக இருந்தால் முன் ஃபேனை மேலே ஏற்ற வேண்டிவரும். ஏற்றுகிற ஒவ்வொரு மில்லிமீட்டரும் அந்த 155-இன் மேல் சேரும் என்பதால், கையிருப்பு 5 மி.மீ. மட்டுமே. அதற்கு மேல் போனால் முன் ஃபேனைக் கழற்றிவிட்டு நடு ஃபேனோடு ஓட்டுங்கள், 2 அல்லது 3 டிகிரி கூடுமே தவிர ஒன்றும் ஆகாது.

லிக்விட் கூலர் வேண்டாம். அதுவும் அதே காற்றிடம்தான் கை நீட்டப் போகிறது. தண்ணீர் சூடேற நேரம் எடுப்பதால் ஐந்து நிமிடச் சோதனையில் அழகாகத் தெரியும், மணிக்கணக்கான ரெண்டரில் அந்த அழகு கரைந்துவிடும். போதாததற்குப் பம்ப் ஒன்று, கெட்டுப்போகக் கூடுதலாக. மேல்தகட்டைத் தேய்ப்பது பற்றி: வேண்டாம், வாரண்டி போகும். பேஸ்ட் பற்றி ஊரே விடிய விடிய விவாதிக்கிறது. பழையதை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, நீளவாக்கில் நடுவே மெல்லிய கோடு ஒன்று போடுங்கள், அழுத்தம் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். திரவ உலோகம் என்று விற்பதைத் தொடாதீர்கள். அதிலிருக்கும் கேலியம் அலுமினியத்தை அரித்துவிடும், மின்சாரமும் கடத்தும்.

அழுத்தம் என்றதும் ஒன்று. இப்போதைய ஹீட்சிங்க் பழைய எல்ஜிஏ1200 சாக்கெட் (பிராசஸர் உட்காரும் இடம்) உள்ள கணினியிலிருந்து வந்ததா? அதன் துளை இடைவெளி 75 மி.மீ., உங்கள் எல்ஜிஏ1700-க்கு 78. சில மதர்போர்டுகளில் இரண்டு துளைகளும் இருக்கும், ஹீட்சிங்க்கைப் பிடித்து நிறுத்தும் பழைய பூட்டே மாட்டிக்கொள்ளும். ஆனால் புதிய சாக்கெட் கொஞ்சம் தாழ்வு, பழைய பூட்டு அந்த ஆழத்துக்கு அழுத்தாது. கழற்றும்போது பேஸ்ட் ஒரு பக்கம் தடிமனாகத் தெரிந்தால் பாதிக் குற்றவாளி அங்கேயே இருக்கிறான். புதியதில் 1700-க்கான பூட்டைத்தான் போடுங்கள். ஒரு திருகை முழுதாக முடுக்கிவிட்டு மறுபக்கம் போகாமல், மாற்றி மாற்றி அரைச் சுற்றாக முடுக்குங்கள்.

ஃபேன் தனியாக வாங்குவதென்றால் வண்ண விளக்கைப் பார்க்காதீர்கள், விளக்குமாற்றுக்குப் பட்டுக் குஞ்சம். நெருக்கமான தகடுகளுக்குள் காற்றைத் தள்ள அழுத்தம் வேண்டும். ஆர்க்டிக் பி12 நிமிடத்துக்கு 1,800 சுற்றில் 2.2 மி.மீ. நீர் அழுத்தம் தருகிறது, போதும். இணைப்பில் நான்கு முனைகள் (4-pin) உள்ளதையே வாங்குங்கள். 1,200 சுற்றிலிருந்து 1,800-க்குப் போனால் சத்தம் சுமார் 9 டெசிபல் ஏறும் என்பதால், 75 டிகிரி வரை 60 சதவீதத்திலும் 85-இல் முழு வேகத்திலும் ஓடும்படி பயாஸில் வையுங்கள். வேகம் ஏற இரண்டு மூன்று விநாடி தாமதமும் கொடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு கிளிக்குக்கும் அது மூச்சிரைக்கும். காற்று வெளியேறுவது குறுக்குக் கைகள் உள்ள பக்கம். இரண்டு ஃபேனும் கேபினட்டின் பின்புறத்தை நோக்கியே ஊத வேண்டும்.

ஆனால் ஆர்டர் போடும் முன் அந்தக் கதவுச் சோதனையின் மூன்று எண்களையும் எனக்கு எழுதுங்கள். புதியது வந்ததும், அதன் அடியில் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் தாளை உரித்துவிட்டு மாட்டுங்கள். சிரிக்க வேண்டாம், உரிக்காமலே மாட்டிவிட்டு நூறு டிகிரி என்று கடிதம் எழுதுபவர்கள் உண்டு.