பரிசாக வந்த நாயும் கார்டில் ஏறும் பாக்கியும்

கேள்வி: 8 மாதத்துக்கு முன் என் நெருங்கிய தோழி பிறந்தநாள் பரிசாக ஒரு லாப்ரடார் குட்டியைக் கொடுத்தாள். அதன் தீனி, தடுப்பூசி, காதுப் புண்ணுக்கு மருந்து எல்லாமே கிரெடிட் கார்டில்தான். மாதாமாதம் மினிமம் தொகையைத் தவறாமல் கட்டுகிறேன். இருந்தும் பாக்கி என் சம்பளத்தில் 60 சதவீதத்தைத் தொட்டுவிட்டது. இன்னொரு பக்கம், ஒரு வருடமாகச் சம்பளத்தில் 10 சதவீதம் பங்கு ஃபண்டில் போகிறது. நாய்க்கு இன்சூரன்ஸ் எடுத்தால் செலவு குறையுமா? துணைக்கு இன்னொரு குட்டி தருவதாகவும் தோழி சொல்கிறாள். மறுக்கச் சங்கடமாக இருக்கிறது.

பதில்: தவறாமல் மினிமம் கட்டுவதை நல்ல பழக்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்கள். உங்களைக் கவிழ்ப்பதே அதுதான்.

உங்கள் சம்பளம் 100 என்று வைத்துக்கொள்வோம். பாக்கி 60. கார்டு வட்டி மாதம் 3 சதவீதம், மினிமம் 5 சதவீதம் என்றால் நீங்கள் கட்டுவது 3. அதில் 1.80 வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் குறைவது வெறும் 1.20. அதே மாதம் நாய்க்காகப் புதிதாக 8 ஏறுகிறது என்று வைத்துக்கொள்வோம்; 8 மாதத்தில் பாக்கி 60 ஆக ஏறக்குறைய அவ்வளவு ஏறியிருக்க வேண்டும். ஆக, ஒழுங்காகக் கட்டியும் கடன் மாதம் 6.80 வளர்கிறது. 8 மாதத்தில் 60 வந்தது இப்படித்தான்.

மாதம் 3 சதவீதம் என்பது கூட்டு வட்டியில் வருடத்துக்கு 42 சதவீதத்தைத் தாண்டும். எந்த ஃபண்டாவது வருடா வருடம் அவ்வளவு தருகிறதா? ஃபண்டில் இதுவரை போட்டது சுமார் 120 இருக்கும். அதில் 60-ஐ எடுத்துக் கார்டுக் கடனை முழுதாக அடைத்துவிடுங்கள். வரி, வெளியேறும் கட்டணம் கொஞ்சம் போகும், போகட்டும். முதலீட்டை நிறுத்தாதே என்று யார் சொன்னாலும், கார்டுக் கடனை வைத்துக்கொண்டு செய்வது முதலீடே இல்லை.

அப்புறம், மினிமத்துக்குப் போன 3, ஃபண்டுக்குப் போன 10, இரண்டும் சேர்ந்து 13 கையில் நிற்கும். நாய்க்கு 8, கையிலிருந்தே கொடுங்கள். 2-ஐ நாயின் அவசர வைத்தியத்துக்குத் தனிக் கணக்கில் போடுங்கள். மீதி 3-ல் முதலீட்டை மறுபடி தொடங்கலாம்.

இன்சூரன்ஸ்? இப்போது எல்லோரும் விற்கிறார்கள். தடுப்பூசி, பூச்சி மருந்து போன்ற வாடிக்கைச் செலவுகளைப் பெரும்பாலான பாலிசிகள் ஏற்பதில்லை. முன்பே வந்த நோயையும் சேர்ப்பதில்லை. அந்தக் காதுப் புண் அநேகமாக வெளியேதான் நிற்கும். உங்கள் மாதச் செலவு இதனால் குறையாது, பிரீமியம் வேறு கூடும். கார்டு தீர்ந்த பிறகு, விபத்துக்கும் அறுவை சிகிச்சைக்கும் மட்டும் யோசியுங்கள். அதை நாய் இளசாக இருக்கும்போதே செய்வது நல்லது.

இரண்டாவது குட்டிக்கு வருவோம். லாப்ரடார் பொதுவாக 10 முதல் 12 வருடம் வாழும், வளர்ந்தால் 30 கிலோ அளவுக்கு வரும். தடுப்பூசிச் செலவு முதல் வருடத்தோடு குறைந்தாலும் தீனி கூடும். எடைக்குத் தகுந்தாற்போல் பல மருந்துகளும் கூடும். மாதம் 8 என்றே வைத்தாலும் 11 வருடத்துக்கு 1,056. அதாவது ஏறக்குறைய பத்தரை மாதச் சம்பளம், ஒரு நாய்க்கு. பரிசு கொடுத்தவர் குட்டியின் விலையோடு நின்றுவிட்டார், மிச்சம் உங்கள் கணக்கு.

"இவனுக்கே என் கை சரியாக இருக்கிறது, வேண்டாம்" என்று இந்த வாரமே சொல்லிவிடுங்கள். தோழி உதவித்தான் ஆக வேண்டும் என்றால், நீங்கள் வெளியூர் போகும்போது இவனைத் தன் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளட்டும். நாய் விடுதிக் கட்டணமாவது மிஞ்சும்.