மருந்தை மாற்றும் முன் காட்டை மாற்றுங்கள்: செம்மறிக் குடற்புழு கேள்வி பதில்

மழைக்குப் பின் காங்கயம், தாராபுரம், மூலனூர் பக்கமிருந்து வந்த கேள்விகள் இவை. ஒரே மாதிரி கேட்டவர்களைச் சேர்த்துவிட்டேன்.

அண்ணா, மேச்சேரி ஆடு 40 உருப்படி இருக்குதுங்க. ஐப்பசி மழைக்கப்புறம் நாலு ஆட்டுக்குத் தாடைக்கு அடியில் பை மாதிரி தொங்குது. கழிச்சல் இல்லை. போன மாசம்தான் பூச்சி மருந்து ஊத்தினேன்.

முதலில் அந்த நாலையும் இன்றைக்கே மருத்துவரிடம் காட்டுங்கள் தம்பி. தாடை வீங்கிய ஆட்டுக்கு மேய்ச்சல் யோசனை சொல்லிக்கொண்டிருக்க நேரமில்லை.

கழிச்சல் இல்லாமல் தாடை வீங்கினால் என் முதல் சந்தேகம் ஹீமாங்கஸ் புழு மேல். குளத்தோரம் மேய்த்திருந்தால் ஈரல் தட்டைப்புழுவாகவும் இருக்கலாம், அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். ஹீமாங்கஸ் நாலாவது வயிற்றில் ஒட்டிக்கொண்டு ரத்தம் குடிக்கும். ஒரு புழு நாளொன்றுக்கு 0.05 மி.லி. குடித்தால் ஆயிரம் புழுவுக்கு 50 மி.லி. ஆகிறது. ஒரு பெண்புழு தினமும் 5,000 முட்டைக்கு மேல் போடும். புழுக்கையோடு விழுந்த முட்டை, ஈரமும் சூடும் கிடைத்தால் ஒரு வாரத்துக்குள் இளம்புழுவாகிப் புல்லில் ஏறிவிடும். ஆடு அதைத் தின்ற மூன்று வாரத்தில் திரும்பவும் முட்டை. மருந்து ஊற்றிய கையோடு அதே காட்டில் ஓட்டிவிட்டால் ஒரு மாதத்தில் பழைய கதைதான்.

மருந்தே வேலை செய்யாமலும் போயிருக்கலாம். அடுத்த முறை ஊற்றும் நாளில் ஒரு தடவை, 10 முதல் 14 நாள் கழித்து ஒரு தடவை புழுக்கை எடுத்துப் பரிசோதனைக்குக் கொடுங்கள். முட்டை எண்ணிக்கை 95 சதவீதமாவது குறையவில்லை என்றால் அந்த மருந்துக்குப் புழு பழகிவிட்டது.

6 ஏக்கர் கொறங்காடு (வேலி போட்ட மேய்ச்சல் காடு), நாலு தடுப்பு. நாலு நாளுக்கு ஒருக்கா மாத்தறேன். அப்பவும் புழு குறையலை.

நாலு நாள் சரி. ஓய்வுதான் போதவில்லை. நாலு தடுப்பென்றால் முதல் காட்டுக்கு 12 நாளில் திரும்பி வருகிறீர்கள். மழைக்காலத்தில் புல்லில் புழு நிறைந்திருக்கும் நேரமே அதுதான். இந்தச் சுற்று புல்லுக்கு நல்லது, ஆட்டுக்குக் கெடுதல்.

பசிபிக் தீவுகளில் 1990-களில் வெள்ளாட்டில் செய்து பார்த்த முறை ஒன்று உண்டு: நிலத்தைப் பத்தாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் மூன்றரை நாள் மேய்ச்சல், 31½ நாள் ஓய்வு. இளம்புழு எதையும் தின்னாது, உடம்பில் உள்ள சேமிப்பை வைத்தே காலம் தள்ளும். சூடு கூடினால் அது சீக்கிரம் தீர்ந்து செத்துவிடும். நம் ஊருக்கும் இந்தக் கணக்குப் பொருந்தும். உங்கள் ஒவ்வொரு தடுப்பையும் வலை கட்டி இரண்டாக்கினால் எட்டுத் துண்டு, 28 நாள் ஓய்வு கிடைக்கும். மார்கழி, தைக் குளிரில் புழு கூடுதல் நாள் தாங்கும் என்பதால், அப்போது இன்னும் தள்ளிப் போடுங்கள்.

ஆடு மேய்ந்த காட்டில் அடுத்து மாட்டை விடுங்கள். ஆட்டுப்புழு பெரும்பாலும் மாட்டு வயிற்றில் பிழைக்காது. கிளுவை வேலிக்குள் காங்கயம் மாடும் செம்மறியும் மாறி மாறி மேய்ந்த பழைய வழக்கத்தில் இந்த லாபமும் இருந்தது. வெள்ளாடு இதற்கு உதவாது, இரண்டுக்கும் ஒரே புழு.

பனிக்காலத்தில் எத்தனை மணிக்கு ஓட்டலாம்?

மணி பார்க்க வேண்டாம், புல்லைத் தடவிப் பாருங்கள். கை நனைந்தால் இன்னும் நேரமாகவில்லை, ஈரத்தில் புழு புல்லில் ஏறியிருக்கும். கொழுக்கட்டைப்புல்லை நாலு விரலுக்குக் கீழே ஒட்ட மேயவும் விடாதீர்கள். புழுவில் பெரும்பங்கு அந்த அடித்தூரில்தான்.

வெள்வேல் காய், வேப்பிலை கொடுத்தால் மருந்தே வேண்டாமாங்க?

வேண்டும். ஆனால் தேவை குறையும். வெள்வேல், கருவேல் தழையிலும் காயிலும் உள்ள துவர்ப்புச் சத்து புழுவின் முட்டையிடும் திறனைக் கொஞ்சம் அடக்கும். தீவனப் புரதம் முதல் வயிற்றில் சிதையாமல் குடலுக்குப் போகவும் உதவும். புரதம் கிடைத்த ஆடுதான் புழுவைத் தாங்கும். ஆனால் துவர்ப்பு மிஞ்சினால் ஆடு தீவனம் எடுக்காது. தழையில் இன்னொரு லாபம்: தலைக்கு மேலே இருப்பதைத் தின்னும் ஆட்டின் வாயில் புழு ஏறாது.

வேப்பிலையை நம்பி மருந்தை நிறுத்தியவர்களுக்கு நான் ஆதரவில்லை. சூபாபுல் (சவுண்டல்) தழை மொத்தத் தீவனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது, அதில் மைமோசின் நஞ்சு உண்டு. என்னைக் கேட்டால் கால் ஏக்கரில் வேலிமசால் போட்டு வெட்டிப் போடுங்கள். அங்கே மட்கிய எரு மட்டும். பச்சைப் புழுக்கையைக் கொட்டினால் புழுவை நீங்களே விதைத்த மாதிரி.

அண்ணா, துருசு கரைச்சு ஊத்தலாம்னு எங்க மாமா சொல்றாருங்க.

வேண்டாம் அம்மிணி. துருசு என்பது தாமிர உப்பு. செம்மறிக்குத் தாமிரம் கொஞ்சம் கூடினாலும் ஈரலில் சேர்ந்து ஒருநாள் திடீரென்று கொல்லும்.

புழுக்கையில் அரிசி மாதிரி வருது.

நாடாப்புழுத் துண்டு. பார்க்கத்தான் பயம், பெரும்பாலும் பெரிய சேதமில்லை. ஆட்டைக் கொல்லும் ஹீமாங்கஸ் வெளியே தெரியாது.

குட்டி போடற ஆடுகளை எங்கே விடறது?

இருக்கும் காட்டிலேயே சுத்தமான காட்டில். குட்டி போடுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்து, பால் கொடுக்கும் ஒன்றரை, இரண்டு மாதம் வரை தாயாட்டின் எதிர்ப்புச் சக்தி தளர்ந்து முட்டை அதிகம் விழும். பக்கத்திலேயே குட்டி புல் கடிக்கப் பழகும். அதனால் பயிர் அறுத்த காடு சிறந்தது. ஆனால் சோளத்தட்டு அறுத்த கட்டையில் துளிர்த்த இளங்குருத்தில் விடாதீர்கள், அதில் சயனைடு நஞ்சு இருக்கும். இளஞ்சினையில் ஆல்பெண்டசோல் கொடுக்கக் கூடாது, வேறு மருந்தை மருத்துவரிடம் கேளுங்கள்.

மூணு மாசத்துக்கு ஒருக்கா மந்தை முழுக்க ஊத்தச் சொல்றாங்களே ஐயா?

முழுக்க ஊற்றினால் மருந்துக்குத் தப்பிய புழு மட்டுமே மிஞ்சிப் பெருகும். மந்தையில் ஒரு கால்பங்கு ஆடுகளிடம்தான் பெரும்பங்குப் புழு இருக்கும். அவற்றுக்கு மட்டும் ஊற்றினால் போதும். புழு ரத்தம் குடித்த ஆட்டின் இமை உள்சதை வெளுக்கும்; அந்த நிறத்தை ஒப்பிட்டுப் பார்க்கத் தென்னாப்பிரிக்காவில் ஃபமாச்சா என்ற கண் அட்டையை உருவாக்கினார்கள். 1 நல்ல சிவப்பு, 5 வெளுப்பு. 4, 5-க்கு மருந்து கட்டாயம்; குட்டியும் சினையாடும் 3-ல் இருந்தாலே ஊற்றிவிடலாம். வெயில் வெளிச்சத்தில் மேல் இமையை லேசாக அழுத்தி, கீழ் இமையை இழுத்து உள்சதையைச் சட்டென்று பாருங்கள். அதிக நேரம் இழுத்துப் பிடித்தால் வெளுத்த கண்ணும் சிவந்து ஏமாற்றும். மழைக்காலத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை பார்த்தால் போதும். ஒவ்வொரு முறையும் மருந்து கேட்கும் ஆட்டுக்குக் காதில் அடையாளம் போட்டு, அடுத்த சந்தையில் முதலில் அதை விற்றுவிடுங்கள்.