முகவரிப் பக்கத்தில் ஆட்கள் விட்டுப்போவது பற்றி

வெள்ளவத்தைப் புடவைக்கடைக்கு நீங்கள் செய்த ஆப்பில், ஆட்கள் உடுப்பைத் தெரிவுசெய்துவிட்டு முகவரிப் பக்கத்தில் விட்டுப்போகிறார்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்தப் பக்கத்தின் படத்தைப் பார்த்தேன். பொத்தானின் நிறத்தில் பிழையில்லை, அதை விடுங்கள். கட்டாயமாகக் கேட்கும் தபால் குறியீடுதான் சிக்கல். வெள்ளவத்தை கொழும்பு 6 என்று எல்லாருக்கும் தெரியும், அதன் தபால் குறியீடு 00600 என்று எத்தனை பேருக்குத் தெரியும்? இடத்தைத் தெரிவுசெய்ய விடுங்கள், குறியீட்டை ஆப்பே நிரப்பட்டும்.

முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் எதற்கு? தலைப்பெழுத்தோடு பெயர் எழுதுகிறவர்கள் அங்கேயே தடுமாறுவார்கள். ஒன்று போதும். போன் இலக்கத்தை 077 என்றோ +94 77 என்றோ, இடைவெளி விட்டோ எழுதினாலும் ஏற்றுக்கொள்ளுங்கள்.

அப்புறம், கடைக்கு வரும் நாலைந்து பேரிடம் போனைக் கொடுத்து ஓடர் போடச் சொல்லுங்கள். அவர்கள் திணறினாலும் தயவுசெய்து சொல்லிக்கொடுக்க வேண்டாம், எந்தக் கட்டத்தில் என்று குறித்துக்கொள்ளுங்கள்.