கேளுங்க, சொல்றேன்: சான்றிதழுக்கும் கெடு உண்டு

கேள்வி: சிஸ்கோ கம்பெனியின் சிசிஎன்ஏ (கம்ப்யூட்டர் நெட்வொர்க் சான்றிதழ்) பாஸ் செய்து, அதன் மூன்று வருடக் கெடு முடிய இன்னும் நான்கு மாதம்தான் இருக்கிறது. பக்கத்து ஊரில் ஒரு சென்டரில் ‘ரினியூவல் பேட்ச்’ என்று 18,000 ரூபாய் கேட்கிறார்கள். தினமும் கழக்கூட்டத்துக்கு ரயிலில் வேலைக்குப் போய்வருகிறேன், உட்கார்ந்து படிக்க நேரம் இல்லை. பணத்தைக் கட்டிவிடலாமா?
— வாசகர், குழித்துறை

கட்டாதீங்க தம்பி. முதல்ல சிஸ்கோ தளத்துல உங்க கணக்கைத் திறந்து, கெடு தேதி எது, பதிவாகியிருக்கிற மெயில் ஐடி எதுன்னு பாருங்க. இதை ஏன் முதல்ல சொல்றேன்னா, நான் அடிபட்ட இடம் அது.

சென்னையில வேலை பார்த்தப்போ கம்பெனி மெயில் ஐடியைக் கொடுத்துத்தான் கணக்குத் தொடங்கினேன். வேலையை விட்டு நாகர்கோவில் வந்ததும் அந்த ஐடியை மூடிட்டாங்க. நினைவூட்டல் மெயில் வந்திருந்தாலும் ஆளில்லாத வீட்டுக்குத் தபால் போன கதைதான். 2016-ல ஒரு ஆஸ்பத்திரிக்கு நெட்வொர்க் போடக் கொட்டேஷன் கொடுக்கப் போனேன். பிளாஸ்டிக் கவர்ல போட்ட சான்றிதழை மேஜையில வைச்சேன். அங்கிருந்த பையன் நம்பரைத் தட்டிப் பார்த்துட்டு, “அண்ணாச்சி, இது முடிஞ்சு மூணு வாரம் ஆச்சே”ன்னான். சத்தம் கேக்காம அந்தக் கவரை எடுத்துப் பைக்குள்ள போட்டது இன்னைக்கும் கையில இருக்கு. அப்போ சிசிஎன்ஏவைப் புதுப்பிக்கப் பரீட்சை ஒண்ணுதான் வழி. கெடுவும் தாண்டியாச்சு, மறுபடி முதல்லேருந்து எழுதினேன்.

உங்களுக்கு அந்தக் கஷ்டம் இல்லை. 2020 பிப்ரவரி 24-ல சிஸ்கோ எல்லாத்தையும் மாத்திட்டாங்க. ரூட்டிங், செக்யூரிட்டி, வயர்லெஸ்னு தனித்தனியா இருந்த சிசிஎன்ஏக்களைச் சேர்த்து 200-301-னு ஒரே பரீட்சையாக்கினாங்க. பரீட்சை எழுதாம, தொடர்கல்விப் புள்ளி சேர்த்தே புதுப்பிக்கிற வசதி சிசிஎன்ஏவுக்கும் வந்தது. உங்களுக்குத் தேவை 30 புள்ளி. சிஸ்கோ ஏற்றுக்கொண்ட ஆன்லைன் பாடங்களை முடிச்சா புள்ளி ஏறும். ‘ரெவ் அப் டு ரீசெர்ட்’ங்கிற பேர்ல சில பாடங்களை அப்பப்போ இலவசமாவும் திறந்திருக்காங்க. குழித்துறையிலேருந்து கழக்கூட்டம் வரைக்கும் ரயில்ல உட்கார இடம் கிடைச்சா அதுவே வகுப்பறை. ஆனா புள்ளி கணக்குல ஏறுறது கெடுவுக்கு முன்னால நடக்கணும். கடைசி வாரத்துக்கு வைக்காதீங்க.

கொஞ்சம் தைரியம் இருந்தா என்கோர்ங்கிற 350-401 பரீட்சையை எழுதுங்க. பாஸானா சிசிஎன்ஏவும் புதுசாகும், அதுக்கு மேல்படியான சிசிஎன்பி சான்றிதழ்ல பாதியும் முடியும். சிசிஎன்பிக்குச் சிசிஎன்ஏ கட்டாயம்ங்கிற பழைய விதியும் 2020-லயே போயாச்சு. அந்த 18,000-த்தைப் பரீட்சைக் கட்டணத்துக்கு எடுத்து வைங்க.

கேள்வி: என் மகன் 2015-ல் எடுத்த மைக்ரோசாஃப்ட் எம்சிஎஸ்ஏ சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறோம். இப்போது வேலைக்குக் கேட்டால் “இது இல்லை” என்கிறார்களாம். ரத்து செய்துவிட்டார்களா?
— ஒரு தகப்பனார், குலசேகரம்

ரத்து இல்லை ஐயா, ஓய்வு. எம்சிஎஸ்ஏ, எம்சிஎஸ்இ, எம்சிஎஸ்டி மூணையும் 2020 ஜூன்ல நிறுத்துறதா இருந்தாங்க; கொரோனாவால தள்ளிப்போய் 2021 ஜனவரி 31-ல நிறுத்தினாங்க. மகன் படிச்ச படிப்பு எங்கேயும் போகலை. இப்போ என்ன வேலையோ அந்த வேலைக்குன்னு தனித்தனியாச் சான்றிதழ் தர்றாங்க. அவங்களோட கிளவுட் சேவையான அஷ்யூரைப் பராமரிக்கிற அட்மினிஸ்ட்ரேட்டர்னா ஏஇசட்-104 பரீட்சை. அந்தச் சான்றிதழ் ஒரு வருஷத்துக்குத்தான் செல்லும். ஆனா கெடுவுக்கு ஆறு மாசம் முன்னாலேருந்து, மைக்ரோசாஃப்ட் லேர்ன் தளத்துல, வீட்டிலேயே, காசில்லாம, புத்தகத்தைத் திறந்து வெச்சே புதுப்பிக்கலாம். தேறலைன்னா மறுபடியும் எழுதலாம். கெடு தாண்டிட்டா மட்டும் காசு கட்டிப் பழையபடி பரீட்சைதான். சட்டத்தைக் கழற்ற வேண்டாம், அழகாத்தான் இருக்கும்.

கேள்வி: பரீட்சையை வீட்டிலேயே எழுதலாமா அண்ணா, சென்டருக்குப் போகணுமா?
— மாணவி, தக்கலை

சென்டருக்குப் போயிரு மக்ளே. வீட்டுல எழுதுனா மேஜை காலியா இருக்கணும், அறையைச் சுத்திப் போட்டோ எடுத்து அனுப்பணும், வேற ஆள் உள்ளே வரக்கூடாது. என்கிட்ட படிச்ச பையன் ஒருத்தன் எல்லாம் பண்ணான். நாப்பதாவது நிமிஷம் அவங்க அம்மா, பிள்ளை களைச்சுப் போயிருப்பான்னு, கட்டஞ்சாயாவும் ஏத்தங்காய் சிப்ஸுமா கதவைத் தள்ளிட்டு வந்துட்டாங்க. பரீட்சை அங்கேயே முடிஞ்சது. ஆடிச் சாரல்ல கரண்டு போறதை நான் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொண்ணு, பேரு. கொண்டுபோற அடையாள அட்டையில எப்படியோ அப்படியே பதியணும். நம்ம ஊர்ல ஒரு அட்டையில இனிஷியல், இன்னொண்ணுல அப்பா பேரு முழுசா இருக்கும். பணம் கட்டுறதுக்கு முன்னால ரெண்டையும் பக்கத்துல வெச்சுப் பாரு.

கேள்வி: வடசேரியில் 150 ரூபாய்க்கு செக்யூரிட்டி பிளஸ் (கம்ப்யூட்டர் பாதுகாப்புச் சான்றிதழ்) 601 பரீட்சைக்கான பழைய புத்தகம் வாங்கினேன். போதுமா?
— வாசகர், கொல்லங்கோடு

601 பரீட்சை 2024 ஜூலை 31-ஓட நின்னு போச்சு. அதுக்கு அடுத்தது 701. பாடத்திட்டத்தை, இந்தச் சான்றிதழைத் தர்ற காம்ப்டியாவோட தளத்துல இலவசமா இறக்கி, அதை வெச்சுப் படிங்க. போர்ட் நம்பரும் கிரிப்டோகிராஃபி அடிப்படையும் பழைய புத்தகத்திலேயே இருக்கு. 150 ரூபாய்க்கு அது மோசமில்லை.